இவர் வெட்டிய இடங்கள்

இத்தாலியில், இந்தப் பலேர்மோ நகரத்தில் எந்தத் தமிழ் வீட்டிலும் ஒரு கல்யாண வீடியோவோ பிறந்தநாள் வீடியோவோ போட்டுப் பாருங்கள். பாட்டுக்கும் ரோசாப்பூ மழைக்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில், "சிரிச்சபடி, சிரிச்சபடி, இஞ்சை பாருங்கோ" என்று ஓர் ஆண்குரல் கேட்கும். அது என் வீட்டுக்காரரின் குரல். பெயர் ஆனந்தராசா. சனத்துக்கு வீடியோ ஆனந்தன். எனக்கு இவர். இருபத்தேழு வருடமாக இவர் என்றுதான் சொல்லிப் பழக்கம். இனிப் பெயர் சொல்லத் தொடங்கினால் வேறு யாரையோ பற்றிக் கதைப்பதுபோல இருக்கும்.

கிழமை நாட்களில் இவருக்கு வேறு வேலை. லிபெர்த்தா வீதியில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றுக்கு இவர்தான் வாயில்காப்பாளர். படிக்கட்டுக் கழுவுவார், தபால் பிரித்துப் போடுவார், மூன்றாம் மாடி சினியோராவின் நாயை நடத்திக்கொண்டு போவார். அந்த நாய்க்கு இவர் கதைக்கும் தமிழ் முழுக்க விளங்கும். எனக்குத்தான் சில நேரம் விளங்குவதில்லை. சனி ஞாயிறு வந்தால் இவர் வேறு ஆள். வெள்ளைச் சட்டை, தோளில் கமெரா, முகத்தில் ஒரு பெரிய மனுசத்தனம்.

படம் எடுப்பது பெரிய வேலை இல்லை, வெட்டுவதுதான் வேலை என்பது இவருடைய கொள்கை. அழுத பிள்ளை, வாயைத் திறந்து சாப்பிடும் மாமா, கறி காணாது என்று புறுபுறுத்த மாமி எல்லாரையும் வெட்டிவிடுவார். உள்ளதைக் காட்ட வீடியோ எதற்கு, கண்ணாடி போதுமே என்று கேட்பார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பாவும் பொம்பிளையின் தாய்மாமனும் கதிரைக்குச் சண்டை பிடித்து ஒருவரை ஒருவர் தள்ளினார்கள். இவர் தள்ளிய இடத்தை வெட்டி, பிடித்த இடத்தில் நிறுத்தி, மேலே ஒரு பாட்டையும் போட்டுவிட்டார். பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். அந்த இரண்டு பேரும்கூடக் கலங்கினார்கள்.

எங்களுடைய சண்டை கசெற்றில் தொடங்கியது. ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் எங்களுக்கு இரண்டு அறை. மகன் வேலை கிடைத்து மிலானோவுக்குப் போனதும், அவனுடைய அறையில் என் சேலைகளை அடுக்கலாம் என்று நினைத்தேன். ஒரு கிழமை முடியவில்லை, கட்டிலுக்குக் கீழே, மேலே, அலுமாரிக்குள் எங்கும் கசெற். இப்போது எல்லாம் கார்டில் எடுக்கிறார். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்வரை சின்னக் கசெற் போடும் கமெராதான். அதில் எடுத்து, கணினியில் ஏற்றி, வெட்டி ஒட்டி, டிஸ்க்கில் கொடுப்பார். கொடுத்த பிறகு அந்தக் கசெற் எதற்கு என்று கேட்டால், ஒரிஜினல் என்றால் ஒரிஜினல்தான் என்பார். கண்டறியாத ஒரிஜினல். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. கசெற்றா நானா என்று கேட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு நான் கடைக்குப் போய்வர, அறை வெறுமையாக இருந்தது. எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார். முகம் செத்தவீட்டுக்குப் போய்வந்தவரின் முகம்போல இருந்தது. நான் கவனிக்காத மாதிரிச் சேலைகளை அடுக்கினேன்.

இனிப் பிரசாந்தினியிடம் வருகிறேன். என் தங்கை சுலக்சனாவின் மகள், பதினைந்து வயது. தகப்பன் செல்வராசாவுக்குச் சியாகுல்லிப் பக்கத்தில் மந்தரீன் தோடம்பழத் தோட்டம் ஒன்றில் வேலை. எங்கள் சனத்தின் வாயில் நல்ல பெண்பிள்ளை என்று ஒன்று இருந்தால் அது இவள்தான். ஓடித் திரிய மாட்டாள், வாய் காட்ட மாட்டாள், மண்டபத்தில் இருத்திய கதிரையில் இருத்தியபடி இருப்பாள். மற்றத் தாய்மார் தங்கள் பிள்ளைகளை ஏச வேண்டும் என்றால் இவளைத்தான் காட்டி ஏசுவார்கள். சுலக்சனாவுக்கு அதில் நல்ல பெருமை. எனக்கும்தான், ஏன் பொய் சொல்வான்?

வீட்டுக் கதவைப் பூட்டிய பிறகுதான் வேறு கதை. பள்ளிக்கூடத்தால் வந்ததும் சாப்பாட்டு மேசைக்குக் கீழே போர்வையோடு புகுந்துவிடுவாள். ஒரு மணித்தியாலம் ஒரு சொல் வராது. சட்டையின் கழுத்தில் தைத்திருக்கும் அளவு எழுதிய துண்டு எல்லாவற்றையும் கத்தரித்துவிடுவாள். சோற்றில் கறி முட்டினால் அந்தச் சோற்றைத் தொட மாட்டாள். ஒரு கொப்பி வைத்திருக்கிறாள். தகப்பன் கொண்டுவரும் ஒவ்வொரு மந்தரீனிலும் எத்தனை சுளை என்று ஆறு வருடமாக அதில் எழுதுகிறாள். பத்து, ஒன்பது, பதினொன்று என்று போகும். பதினாலு சுளை வந்த நாளில் எனக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள். நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு போய் எப்படி இருக்கிறது என்று கேட்டால், வயிறு தெரிகிறது என்பாள். இதையெல்லாம் நாங்கள் செல்லம் என்றும் களைப்பு என்றும் பெரிய பிள்ளையாகிற வயது என்றும் சொல்லிச் சமாளித்துக்கொண்டு போனோம்.

இந்த வருடம் மார்ச்சில் சமாளிப்பு முடிந்தது. இத்தாலிப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர் பிள்ளையை எழுப்பி, முழு வகுப்புக்கும் முன்னால் கேள்வி கேட்டுப் புள்ளி போடுவார். கணிதம் தவிர எழுத்தில் பத்துக்கு ஒன்பது எடுக்கும் பிரசாந்தினி, எழும்பி நின்றால் ஒரு சொல் சொல்வதில்லை. அரை மணித்தியாலம் வேண்டுமானாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். முன்பு விட்டுப்பிடித்தார்கள், இந்த வருடம் ஐந்து பாடத்தில் மூன்று, நான்கு என்று புள்ளி விழுந்துவிட்டது. வகுப்பு ஆசிரியை சுலக்சனாவைக் கூப்பிட்டார். இப்படியே போனால் ஜூனில் பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்த வேண்டி வரும் என்றார். பிள்ளை படிக்காமல் இல்லை, வேறு ஏதோ இருக்கிறது, பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒருதரம் காட்டுங்கள், அவர் எழுதித் தந்தால் சோதனை வைக்கும் முறையை மாற்றலாம் என்றும் சொன்னார்.

என் பிள்ளைக்கு விசர் என்று சொல்லிவிட்டாள் என்று தங்கை என் வீட்டுக்கு வந்து அழுதாள். நான் அந்த ஆசிரியையின் பரம்பரை முழுவதையும் இழுத்துவைத்து ஏசினேன். ஏசி முடித்து, தேத்தண்ணி குடித்து, மருத்துவரிடம் நாள் எடுத்தோம். வேறு என்ன செய்வது?

சுலக்சனாவின் இத்தாலி மொழி குசினிச் சமையல் அளவுக்குத்தான் போகும். எனவே நானும் கூடப் போனேன். மருத்துவர் கிளறா சின்ன வயதுக்காரி. வெள்ளைக் கோட்டு இல்லை, காலில் ஓட்டச் சப்பாத்து. முதலில் பிரசாந்தினியோடு தனியாகக் கதைத்தாள். பிறகு எங்களைக் கூப்பிட்டு, ஆட்டிசமாக இருக்கலாம் என்று நினைப்பதாகச் சொன்னாள். நான் அதைத் தமிழில் சொல்லவே தேவையிருக்கவில்லை, அந்தச் சொல் தங்கைக்கு விளங்கிவிட்டது. அது கதையே வராத, ஆளைப் பாராத சின்னப் பொடியன்களுக்கு வருவது அல்லவா என்று கேட்கச் சொன்னாள். எனக்கும் அதே கேள்விதான்.

கிளறா பொறுமையாகச் சொன்னாள். இந்த நாட்டில் ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளில் எழுபத்தேழு பேருக்கு ஒருவர் என்று கணக்கு இருக்கிறதாம். பதினைந்து வயதுக்கு அப்படி ஒரு கணக்கு இங்கே இல்லையாம், ஆனால் எட்டு வயதில் இருந்தது பதினைந்தில் எங்கே போய்விடும் என்று கேட்டாள். பெண்பிள்ளைகள் அந்தக் கணக்குக்குள் குறைவாகத்தான் வருகிறார்கள், காரணம் மறைக்கப் பழகிவிடுகிறார்கள். மற்றவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், மற்றவர்கள் கதைக்கிறபடி கதைப்பார்கள், வெளியில் அடக்கமான பிள்ளை என்று பெயர் எடுப்பார்கள். வீட்டுக்கு வந்து களைத்து விழுவார்கள். வளர வளரப் பள்ளிக்கூடமும் சிநேகிதமும் பாரமாகி, பதினாலு பதினைந்தில் இனி முடியாது என்று வரும்போதுதான் வீட்டுக்குத் தெரியவருமாம். பிரசாந்தினி தன்னிடம் சொன்ன ஒன்றையும், சொல்லலாமா என்று அவளிடம் கேட்டுக்கொண்டு எங்களுக்குச் சொன்னாள். வகுப்பில் மார்த்தினா என்று ஒரு பிள்ளை இருக்கிறாளாம். மார்த்தினா சிரித்து இரண்டு செக்கன் கழித்து இவளும் சிரிப்பாளாம். வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் பழகித்தான் அது சரிவந்ததாம்.

பிறகுதான் சிக்கல் வந்தது. இது சின்ன வயதிலேயே இருக்க வேண்டிய ஒன்று, மூன்று நான்கு வயதில் பிள்ளை எப்படி என்று கிளறா கேட்டாள். தங்கம் என்றாள் சுலக்சனா. அழவில்லை, அடம் பிடிக்கவில்லை, சத்தத்துக்குப் பயமில்லை, ஒரு கரைச்சலும் இல்லை. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை. நானும் தலையாட்டினேன். அந்த நேரத்து வீடியோ ஏதாவது இருக்கிறதா, அதையும் பார்த்தால் உதவும் என்று கிளறா கேட்டதும் தங்கையின் முகம் மலர்ந்தது. வீடியோவுக்கு எங்களிடம் பஞ்சமா?

மூன்றாவது பிறந்தநாள் டிஸ்க்கை அடுத்தமுறை கொண்டுபோனோம். இளவரசிச் சட்டையில் பிரசாந்தினி மெதுவாக, மிக மெதுவாகச் சிரித்தாள். ரோசாப்பூ விழுந்தது. திரும்பவும் சிரித்தாள். கிளறா கால் மணித்தியாலம் பார்த்துவிட்டு, படம் நல்ல வடிவு, ஆனால் இதில் பிள்ளையைக் காணவில்லையே என்றாள். நீங்கள் சொல்வதும் படம் சொல்வதும் ஒன்றுதான், இரண்டிலும் ஒன்றுமே இல்லை, எதையும் பாராமல் நான் எழுத முடியாது என்றும் சொன்னாள். அடுத்து வர எங்களுக்குத் தந்த நாள் மே பன்னிரண்டு. ஜூன் தொடக்கத்தில் பள்ளிக்கூடம் முடிவெடுத்துவிடும். பேருந்தில் பிரசாந்தினி யன்னலைப் பார்த்தபடி, அடுத்த வருடமும் இதே வகுப்பு என்றால் தான் போகப் போவதில்லை என்றாள். அவள் சும்மா சொல்கிற பிள்ளை இல்லை.

எனக்கு அந்தக் கசெற்றுகள் ஞாபகம் வந்தன. வெட்டாத ஒரிஜினல், நான் எறியவைத்த ஒரிஜினல். வீட்டுக்குப் போய் இவரிடம் நடந்ததைச் சொன்னேன். என்னுடைய வாய்தான் பிள்ளையின் ஒரு வருடத்தைத் தின்றுவிட்டது என்று சொல்லி அழுதும்விட்டேன். இவர் தேத்தண்ணிக்குள் கரண்டியைப் போட்டுச் சுற்றினார். சீனி கரைந்து எவ்வளவோ நேரம், இன்னும் சுற்றினார்.

"எறியேல்லை," என்றார்.

"என்னது?"

"எறியேல்லை எண்டுறன். அங்கை லிபெர்த்தாவில, என்ர அறையில, விளக்குமாறுகளுக்குப் பின்னால அடுக்கி வைச்சிருக்கிறன். இருநூற்று நாற்பது."

அடிப்பதா கொஞ்சுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடம் இந்த மனுசன் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறார். அந்தப் பொய்க்கு நான் அன்று கோயிலில் கற்பூரம் கொளுத்தியிருப்பேன்.

ஞாயிறு மத்தியானம் தங்கையையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நாலு பேருமாக அந்தக் கட்டடத்துக்குப் போனோம். கதவடியில் இருக்கும் இவருடைய சின்ன அறையில் மூன்று கதிரைக்குத்தான் இடம். பிரசாந்தினி நிலத்தில் இருந்தாள். பெட்டிகளில் வருடமும் வீட்டுப் பெயரும் எழுதியிருந்ததால் கசெற்றைத் தேட ஐந்து நிமிடம் செல்லவில்லை. பழைய கமெராவைத் தொலைக்காட்சிப் பெட்டியில் கொழுவினார். பிறந்தநாள் கசெற் ஓடத் தொடங்கியது.

மூன்று வயதுப் பிரசாந்தினி நுனிக்காலில் மேசையைச் சுற்றி நடந்தாள். ஒரே பக்கமாக, ஒவ்வொரு கதிரையையும் தொட்டுத் தொட்டு நடந்தாள். நாங்கள் எண்ணினோம், பத்தொன்பது சுற்று. கேக்கைக் கொண்டுவந்து எல்லாரும் பாடத் தொடங்கியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விட்டாள். கமெராவும் அவளோடு மேசைக்குக் கீழே குனிந்தது. சிரிச்சபடி, பிள்ளை, இஞ்சை பாருங்கோ என்று இவருடைய குரல். அதைப் பதினொரு தரம் சொன்னார். பிள்ளை ஒருதரமும் பார்க்கவில்லை. கடைசியில் தகப்பன் ஒரு மந்தரீனை உரித்துக் கையில் வைத்தார். அவள் அதைப் பிரித்துச் சுளையைப் பார்த்தாள், சிரித்தாள். நாலு செக்கன். அந்த நாலு செக்கனைத்தான் இவர் இழுத்து மெதுவாக்கி, முழு டிஸ்க்கிலும் ஆறு இடத்தில் போட்டிருக்கிறார். மூன்று மணித்தியாலப் பிறந்தநாளில் பிள்ளை சந்தோசமாக இருந்த நேரம் அவ்வளவுதான், அதுவும் மந்தரீனால்.

அடுத்தது அவளுடைய ஐந்து வயதில் நடந்த, பெரிய பிள்ளையான ஒருத்தியின் சாமத்தியவீடு. மண்டபத்தில் மேளம் தொடங்கியதும் பிள்ளையின் கை காதுக்குப் போயிற்று. அப்போது ஒரு பொம்பிளை வேகமாக வந்து அந்தக் கையைப் பிடித்து இழுத்துக் கீழே விட்டாள். "கையை எடு பிள்ளை, சனம் பாக்குது." பச்சைச் சேலை, கொண்டையில் பூ. நான்தான். பிள்ளை என்னைப் பார்த்தாள், பிறகு பக்கத்துக் கதிரையில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை கமெராவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. இவளும் அதே சிரிப்பை எடுத்துத் தன் முகத்தில் வைத்தாள். ஆ, அதுதான், அப்படியே இருங்கோ என்றது இவருடைய குரல்.

அன்றைக்குத்தான் பழகத் தொடங்கியிருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் பழக்கியிருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பச்சைச் சேலைக்காரியைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும்போல இருந்தது, அவள் நானாக இருந்தபடியால் சும்மா இருந்தேன்.

பிரசாந்தினி ஒருத்திதான் அந்த அறையில் சந்தோசமாக இருந்தாள். முழங்காலில் நகர்ந்து தொலைக்காட்சிக்குக் கிட்டப் போனாள். திரும்பவும் போடச் சொன்னாள். மேசையைச் சுற்றும் இடத்தை மூன்றுதரம் பார்த்தாள். பிறகு திரும்பி இவரைப் பார்த்தாள்.

"பெரியப்பா, நீங்கள் வெட்டின இடமெல்லாம் நான்தான்."

குறை சொல்லும் குரலே இல்லை. எங்கோ தொலைந்த ஒன்று அகப்பட்டவள்போலச் சொன்னாள். இவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

சுலக்சனா கசெற்றை மருத்துவருக்குக் கொடுக்க விடவில்லை. இரண்டு கையாலும் கமெராவைப் பிடித்துக்கொண்டாள்.

"இதைக் காட்டினா ஆட்டிசம் எண்டு எழுதிப்போடுவினம் அக்கா. பிறகு ஆயுசுக்கும் பிள்ளைக்கு அந்தப் பேர்தான்."

அவள் பயந்தது எனக்கு விளங்கியது. நாளைக்கு யார் கட்டுவார்கள், சனம் என்ன சொல்லும், ஊரில் மாமியார் என்ன சொல்வார் எல்லாம் அந்தப் பிடியில் இருந்தது. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். பிள்ளை முந்திக்கொண்டாள்.

"எழுதாட்டியும் ஒரு பேர் இருக்கு அம்மா. வகுப்பில மொக்கு எண்டு சொல்லுறாங்கள். அது பிழையான பேர்."

தாய் பிடியை விட்டாள். பிறகு கமெராவை இவருடைய மடியில் வைத்துவிட்டு, எத்தனை மணித்தியாலத்தில் டிஸ்க் போடலாம் என்று கேட்டாள்.

மே பன்னிரண்டாம் தேதி இவரும் எங்களோடு வந்தார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. பாட்டு வேண்டாம், மெதுவாக்க வேண்டாம் என்று பிரசாந்தினி கட்டளை போட்டிருந்தாள், அதைக் காப்பாற்றினார். ஆனால் பழக்கதோசம் யாரை விட்டது? தொடக்கத்தில் ரோசாப்பூ மழை விழுந்து, நடுவில் தங்க எழுத்தில் 'பிரசாந்தினி, வெட்டாதது' என்று வந்தது. கிளறா அது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நன்றாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு ஒன்றரை மணித்தியாலம் பார்த்தாள், இடையிடையே எழுதினாள். இந்தமுறை சுலக்சனாவும் வாய் திறந்தாள். காது பொத்துவது, நுனிக்கால், துண்டு வெட்டிய சட்டை, மேசைக்குக் கீழே போர்வை எல்லாம் வந்தது. நான் மொழிபெயர்க்கக் களைத்துப்போனேன். பச்சைச் சேலைக்காரி யார் என்று கிளறா கேட்டாள். அதையும் மொழிபெயர்த்தேன்.

வேறும் இரண்டுமுறை போக வேண்டி இருந்தது, கேள்வித்தாள்கள் இருந்தன. மே கடைசியில் கடிதம் வந்தது. பள்ளிக்கூடம் சோதனைமுறையை மாற்றியது. வகுப்புக்கு முன்னால் எழுப்பவில்லை, கேள்வியை எழுதிக் கொடுத்தார்கள், எழுதிப் பதில் கேட்டார்கள். வரலாற்றில் ஒரு கேள்விக்குப் பதினொரு பக்கம் எழுதி, இனிப் போதும் பிள்ளை என்று ஆசிரியர் சொல்லும்வரை நிறுத்தவில்லை. ஜூனில் வகுப்பேறிவிட்டாள். கணிதம் மட்டும் செப்டெம்பரில் திரும்ப எழுத வேண்டும் என்றார்கள், அதற்கு ஆட்டிசம் காரணமில்லை, எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கணிதம் வராது.

ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று சுலக்சனா எல்லாரிடமும் சத்தியம் வாங்கினாள். பிரசாந்தினியிடம் வாங்க மறந்துபோனாள். அந்த மாதமே கோயிலில் ஒரு மாமி, ஏன் பிள்ளை ஒருமாதிரி இருக்கிறாய், சுகமில்லையோ என்று கேட்டிருக்கிறாள். சுகம்தான் மாமி, ஆட்டிசம், எழுபத்தேழுக்கு ஒண்டு என்று இவள் கணக்கோடு சொல்லியிருக்கிறாள். மாமிக்கு வடை புரையேறியது. அன்று பின்னேரத்துக்குள் கசெற் கதையோடு பலேர்மோ முழுக்கத் தெரியும். சுலக்சனா இரண்டு நாள் தொலைபேசியை நிறுத்திவைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. ஃப்ரான்சுவாஸ், என்னோடு வேலை செய்யும் மொரிசியஸ்காரி. தன் மகன் றொனியின் நாலாவது பிறந்தநாளுக்கு இவர்தான் படம் எடுத்தவர், அதன் வெட்டாத கசெற் இருக்கிறதா என்று கேட்டாள். ஏன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த கிழமை இன்னொரு தாய். ஆவணியில் இன்னொருத்தி, அவள் குரலைத் தாழ்த்தி, கணவன் பக்கத்து அறையில் இருக்கிறார் என்றாள். அவரவர் பிள்ளையின் படத்தை அவரவருக்கு மட்டும் இவர் போட்டுக் கொடுத்தார். ரோசாப்பூ போடவில்லை.

பிரசாந்தினி கொப்பியில் கணக்குப் பார்த்தாள். பெரியப்பாவின் கசெற்றுகளில் முன்னூறு பிள்ளைகள் வரையில் இருப்பார்கள், எழுபத்தேழுக்கு ஒன்று என்றால் நாலு. அவளோடு சேர்த்து நாலு ஆகிவிட்டது. கேட்ட எல்லாருக்கும் இருக்கும் என்று இல்லை, அது மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்று எனக்கு விளக்கினாள். ஆனால் கணக்கில் விடுபட்ட பெண்பிள்ளைகளுக்காக இன்னும் தாய்மார் கேட்டு வருவார்களாம், கசெற்றுகளைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கட்டாம். அந்த ஞாயிறே நான் மகனுடைய அறையைக் காலியாக்கினேன். இருநூற்று நாற்பது கசெற்றும் என் வீட்டு அலுமாரிக்குத் திரும்பி வந்தன. என் சேலைகள் இப்போது லிபெர்த்தாவில், விளக்குமாறுகளுக்குப் பின்னால் இருக்கின்றன.

போன மாதம் ஃப்ரான்சுவாஸின் மகள் ஓட்ரிக்குக் கல்யாணம். அவர்கள் ஊர் மேளம் தொடங்கியதும் பிரசாந்தினி எழும்பி, காதுக்குப் பெரிய ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு மண்டப வாசலுக்கு வெளியே போனாள். நான் பின்னால் போனேன். கையை இழுக்க அல்ல, மந்தரீன் கொடுக்க. வாசல்படியில் இருந்து அதை உரித்து, சுளையைப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தாள். வெயில் முகத்தில் விழுந்திருந்தது. இவர் கமெராவோடு வெளியே வந்தார். இவருடைய கண் எனக்குத் தெரியும், நல்ல படம் ஒன்றைக் கண்டால் அது சின்னதாகும். கமெரா தோளுக்கு ஏறியது, வாயும் பழைய சொல்லுக்குத் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார். கிட்டப் போய், அவள் ஹெட்ஃபோனைக் கழற்றும்வரை நின்றார்.

"எடுக்கட்டோ, பிள்ளை?"

கமெரா தூக்கிய இருபத்திரண்டு வருடத்தில் இவர் ஒரு பிள்ளையிடம் அப்படிக் கேட்டதை நான் அன்றுதான் கண்டேன்.

அவள் எண்ணிய சுளைகளைப் படியில் வைத்தாள். "வேண்டாம் பெரியப்பா," என்றாள்.

"ஓம், சரி," என்றுவிட்டு இவர் கமெராவை இறக்கினார். திரும்பி மண்டபத்துக்குள் போனார்.

இவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சிரித்தாள். யாரையும் பார்த்துப் பழகிய சிரிப்பு இல்லை. அது எந்தக் கசெற்றிலும் இல்லை.